படம் வரும் முன்னே

1947 கோடைக்கு ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் ஒரு கிறிஸ்துமஸ் படத்தை விற்க வேண்டியிருந்தது. ‘மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ பண்டிகைக் கால நியூயார்க்கில் நடக்கும் கதை. தன்னையே கிறிஸ்துமஸ் தாத்தா என்று சொல்லிக்கொள்ளும் முதியவர்தான் அதன் உயிர். ஆனால் தியேட்டருக்குக் கூட்டம் அதிகம் வருவது கோடையில்தான் என்றார் ஸ்டுடியோ தலைவர் டாரில் சானக். அவர் சொன்ன பிறகு மறுபேச்சு இல்லை. விளம்பரப் பிரிவு ஒரு வழி கண்டது: ட்ரெய்லரில் கிறிஸ்துமஸ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அதில் ஒரு ஸ்டுடியோ அதிகாரி தன் ஆட்கள் தயாரித்த முன்னோட்டத்தைப் பார்க்கிறார். சிரிப்புப் படமா, காதல் படமா, நெஞ்சை உருக்கும் படமா, ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று கடிந்துகொள்கிறார். பிறகு ஸ்டுடியோ வளாகத்தில் நடக்கிறார். எதிர்ப்படும் நட்சத்திரங்கள் ஆளுக்கொரு விதமாகப் படத்தைப் புகழ்கிறார்கள். கதை என்ன என்பது மட்டும் வெளியே வருவதில்லை. படம் நன்றாக ஓடியது. தாத்தாவாக நடித்த எட்மண்ட் க்வென்னுக்கு ஆஸ்கரும் கிடைத்தது.

ஒரு படத்தைப் பற்றிய முதல் எண்ணம் அது வெளியாவதற்கு முன்பே ரசிகரின் மனதில் விழுந்துவிடுகிறது. அந்த எண்ணத்தை விதைக்கும் இரண்டு மூன்று நிமிடங்களை நெடுங்காலம் செதுக்கியவர்களோ பெரும்பாலும் படத்தை எடுத்தவர்கள் கிடையாது. அது தனித் தொழில். அதற்கென்று தனிக் கடையும் இருந்தது.

தொடக்கம் 1913. லோ தியேட்டர்களின் விளம்பர மேலாளர் நில்ஸ் கிரான்லண்ட், ‘தி பிளஷர் சீக்கர்ஸ்’ என்ற பிராட்வே இசை நாடகத்தின் ஒத்திகையைப் படம்பிடித்துத் திரையில் ஓட்டினார். அறியப்பட்ட முதல் முன்னோட்டம் ஒரு மேடை நாடகத்துக்கு எடுக்கப்பட்டது! அதே ஆண்டின் இறுதியில் சிகாகோவின் செலிக் நிறுவனம் ‘கேத்லின்’ என்ற தொடர்படத்தை வெளியிட்டது. நாயகி சிங்கத்திடம் மாட்டிக்கொள்வாள். அவள் தப்பித்தாளா என்று அடுத்த வாரம் வந்து பாருங்கள் என எழுத்துகள் ஒளிரும். தொடர்கதையை நம்பி வார இதழ் வாங்கியவர்களுக்கு இந்த வித்தையைச் சொல்லித்தரத் தேவையில்லை. அந்நாளில் இவை படத்தின் வாலில்தான் ஒட்டப்பட்டன. படம் முடிந்ததும் ஜனம் எழுந்து போய்விடும் என்பதால் பிறகு முன்னுக்கு வந்தன.

1919இல் அந்தத் தனிக்கடை திறந்தது. ஹெர்மன் ராபின்ஸ் தலைமையில் நியூயார்க்கில் ‘நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ்’ தொடங்கியது. ஸ்டுடியோக்கள் படச்சுருளைத் தரும். இவர்கள் வெட்டி ஒட்டி, எழுத்துகள் சேர்த்து, தியேட்டர்களுக்கு வாடகைக்கு அனுப்புவார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அமெரிக்காவின் ட்ரெய்லர் வியாபாரத்தில் பெரும்பகுதி இந்த ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தது. ஒரே பட்டறையில் வார்த்ததால் எல்லாம் ஒரே சாயலில் இருந்தன. திரையைக் கிழித்துக்கொண்டு வரும் ராட்சத எழுத்துகள், முழங்கும் இசை, ‘மகத்தான’, ‘இதுவரை காணாத’ என்று அடுக்கும் அடைமொழிகள். படம் எதுவானாலும் புகழ்ச்சி ஒன்றே.

இந்த வார்ப்பை உடைத்தவர்களில் இருவரைத் தனியே சொல்ல வேண்டும். ‘சிட்டிசன் கேன்’ (1941) ட்ரெய்லரை ஆர்சன் வெல்ஸ் தனிக் குறும்படம்போலவே எடுத்தார். இருண்ட ஸ்டுடியோவில் ஒரு மைக் மட்டும் தெரிகிறது. வெல்ஸின் குரல் தன் மெர்க்குரி நாடகக் குழு நடிகர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்கிறது. பிறகு பாத்திரங்கள் தொலைபேசியில் கேன் என்ற மனிதரைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒருவர் மெச்சுகிறார், ஒருவர் வெறுக்கிறார். அந்தக் கேனும் அவராக நடித்த வெல்ஸும் திரையில் வருவதே இல்லை. ஆளாளுக்கு ஒரு கேன் என்பதுதான் படத்தின் சாரம். அதை நான்கு நிமிடத்தில், படத்தின் காட்சிகளைக் காட்டாமலேயே சொல்லிவிட்ட திறமை இன்றும் வியக்க வைக்கிறது.

மற்றவர் ஹிட்ச்காக். ‘சைக்கோ’ (1960) ட்ரெய்லர் ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும். ஹிட்ச்காக்கே நம்மைக் கூட்டிக்கொண்டு மோட்டலையும் பின்னாலுள்ள பழைய வீட்டையும் சுற்றிக்காட்டுகிறார். மாடிப்படியில் ஒரு கொலை நடந்தது என்கிறார். விவரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்துகிறார். கடைசியில் குளியலறை. அங்கே திரையை இழுக்கும்போது ஒரு பெண் அலறுகிறாள். படத்தில் அந்தக் குளியலறையில் சிக்குபவர் ஜேனட் லீ. ட்ரெய்லரில் அலறுவதோ விக் அணிந்த வேரா மைல்ஸ். கொலை நடக்கும் இடத்தைச் சொன்னார், ஆளைச் சொல்லவில்லை. படம் தொடங்கிய பின் ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்கு அவர் போட்ட கட்டளையும் அந்த ரகசியத்துக்கான காவல்தான். எதைக் காட்டுவது என்பதைவிட எதை மறைப்பது என்று அறிந்த இப்படியொரு முன்னோட்டம் அதற்குப் பிறகு வந்ததா என்பது சந்தேகமே.

அறுபதுகளில் ஸ்டுடியோக்களின் பிடி தளர்ந்தபோது சிறு நிறுவனங்கள் உள்ளே வந்தன. பாப்லோ ஃபெர்ரோ ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ ட்ரெய்லரில் கண்ணிமைக்கும் வேகத்தில் சொற்களையும் காட்சிகளையும் மாற்றி மாற்றி வெட்டினார். 1968இல் ஆண்ட்ரூ குயென் ‘கெலைடோஸ்கோப்’ என்ற ட்ரெய்லர் நிறுவனத்தைத் தொடங்கினார். 1975இல் ‘ஜாஸ்’ தொலைக்காட்சி விளம்பரங்களின் பலத்தில் ஒரே நாளில் 400க்கும் மேற்பட்ட தியேட்டர்களில் வெளியாகி, கோடைப் படங்களின் போக்கையே மாற்றியது. அடுத்த தலைமுறைக்கு ட்ரெய்லர் என்றாலே டான் லாஃபோன்டேனின் ஆழ்ந்த குரல். 2008இல் மறையும்வரை 5,000க்கும் மேற்பட்ட முன்னோட்டங்களுக்கு அவர் குரல் கொடுத்தார்.

1998 நவம்பரில் ட்ரெய்லரே தனிச் சரக்கானது. ‘ஸ்டார் வார்ஸ்’ புதிய படத்தின் முன்னோட்டத்துக்காகவே வேறொரு படத்துக்கு முழு டிக்கெட் வாங்கி, முன்னோட்டம் முடிந்ததும் எழுந்து போனவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் இதே வேகத்தை யூடியூப் கொண்டுவந்தது. 2016 மே 1 அன்று வெளியான ‘கபாலி’ டீசரை அலுவலகத்திலும் டீக்கடையிலும் கைபேசியில் போட்டுப் பார்த்தார்கள். 2023 அக்டோபரில் ‘லியோ’ ட்ரெய்லரைத் திரையிட்ட சென்னை கோயம்பேடு ரோகிணி தியேட்டரில் ரசிகர்களின் ஆட்டத்தில் இருக்கைகளே உடைந்தன. ஒரு முன்னோட்டத்துக்கு இவ்வளவு அன்பு! அந்த அன்பை நாற்காலிகள் தாங்காமல் போனது வருத்தம்தான்.

இதற்குள் முதல் எண்ணத்தின் கடிவாளம் விற்பவரின் கையிலிருந்து நழுவியிருந்தது. 2019 ஏப்ரல் இறுதியில் ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’ ட்ரெய்லர் வந்தபோது, அந்த நீல முள்ளெலியின் மனிதப் பற்களைப் பார்த்து ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். இரண்டே நாளில் இயக்குநர் ஜெஃப் ஃபௌலர் உருவத்தை மாற்றுவதாக அறிவித்தார். நவம்பர் வெளியீடு 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. மாற்றி வரைந்த சோனிக்கை ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள், படமும் வென்றது.

2022இல் விஷயம் நீதிமன்றம்வரை போனது. ‘யெஸ்டர்டே’ ட்ரெய்லரில் நடிகை அனா டி ஆர்மாஸைக் கண்டு, ஆளுக்கு 3.99 டாலர் கொடுத்துப் படத்தை வாடகைக்கு எடுத்த இருவர், படத்தில் அவர் இல்லாததால் யுனிவர்சல் மீது வழக்குத் தொடுத்தார்கள். ட்ரெய்லர் ஒரு கலைப் படைப்பு, அதில் படத்தில் இல்லாத காட்சி வருவது நெடுநாள் வழக்கம் என்று வாதிட்ட நிறுவனம், தன் ‘ஜுராசிக் பார்க்’ ட்ரெய்லரையே சான்றாகக் காட்டியது. கலிபோர்னிய நீதிபதி ஸ்டீபன் வில்சன் டிசம்பரில் தீர்ப்பளித்தார்: ட்ரெய்லரில் கற்பனை உண்டு என்றாலும் அது விளம்பரம்தான், பொய் விளம்பரச் சட்டம் அதற்கும் பொருந்தும். ஆனால் ஒரு நடிகரோ காட்சியோ படத்தில் உண்டா இல்லையா என்ற கேள்விக்கு மட்டுமே இது செல்லும் என்று வரம்பும் கட்டினார். படம் நன்றாக இல்லை, எதிர்பார்த்தபடி இல்லை என்று அந்தத் தீர்ப்பைக் காட்டி எவரும் வழக்குப் போட முடியாது.