பூன் கெங் என்றொரு மருத்துவர்: ஒரு வாழ்க்கை, பல ஆர்வங்கள்



சில மாதங்களுக்கு முன் மாணவர்களைக் கற்றல் பயணம் ஒன்றுக்கு லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துச் சென்றேன். எம்ஆர்டி ரயில் ஒரு நிலையத்தில் நின்றது. தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் ஒரு மாணவி பெயர்ப் பலகையில் இருந்த தமிழை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், பூன் கெங்னா ஊர் பேரா, ஆள் பேரா?"

"ஆள் பேருதான்மா. அவரு ஒரு டாக்டர்."

"டாக்டருக்கு எதுக்கு டீச்சர் ஸ்டேஷன் பேரு வச்சாங்க?"

அடுத்த நிறுத்தம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற கதையா அது? அன்று அவளுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சிங்கப்பூர் வரலாறு படிப்பவர்களுக்கும் மலாயா வரலாறு படிப்பவர்களுக்கும் பயன்படும் வாழ்க்கை இது.

படிப்பும் ஒரு வெட்கமும்

லிம் பூன் கெங் 1869 அக்டோபர் 18ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தார். குடியேறி வந்த சீனக் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. இப்படி இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களை அன்று நீரிணைச் சீனர் என்பார்கள். வீட்டில் மலாய் கலந்த பேச்சு, பள்ளியில் ஆங்கிலம். ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் படிக்கும்போது தந்தையை இழந்தார். படிப்பு நின்றுபோகும் நிலை. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் ஹல்லெட் கைகொடுத்ததால் தொடர்ந்து படித்தார். நம் தொழிலின் பெருமை தெரிகிற இடம் இது. ஓர் ஆசிரியர் அன்று "போகட்டும்" என்று விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

1887இல் அரசியார் உபகாரச் சம்பளம் பெற்ற முதல் சீன மாணவர் ஆனார். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1892இல் முதல் வகுப்புச் சிறப்புத் தேர்ச்சியுடன் வெளியே வந்தார்.

எடின்பரோவில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் அவர் வாழ்க்கையையே திருப்பியது. விரிவுரையாளர் ஒருவர் சீன எழுத்துச் சுருள் ஒன்றை நீட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாராம். பூன் கெங்கால் படிக்க முடியவில்லை. சீனாவிலிருந்து வந்திருந்த மாணவர்களும் அவரைத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆங்கிலேயர் பார்வையில் அவர் சீனர். சீனர் பார்வையிலோ, சீனம் தெரியாதவர்.

இதை எழுதும்போது என் வகுப்பில் நடந்தது நினைவுக்கு வருகிறது. ஒரு மாணவன் பழைய கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். "தாத்தா எழுதினது டீச்சர். அம்மாவுக்கும் படிக்கத் தெரியல, எனக்கும் கையெழுத்து புரியல. படிச்சுக் காட்டுறீங்களா?" என்றான். படித்துக் காட்டினேன். அவன் வீட்டில் அந்தக் கடிதம் எத்தனை வருடம் யாரும் படிக்காமல் கிடந்திருக்கும்!

பூன் கெங் வெட்கப்பட்டதோடு நிற்கவில்லை, சீனமொழியை முறையாகக் கற்கத் தொடங்கினார். 1893இல் சிங்கப்பூர் திரும்பி மருத்துவத் தொழிலைத் தொடங்கிய பிறகும் அந்தப் படிப்பு நிற்கவில்லை. 1899இல் தம் வீட்டிலேயே மற்றவர்களுக்கு மாண்டரின் வகுப்பு நடத்தும் அளவுக்குத் தேறினார். ஆங்கிலத்தையும் அவர் விட்டுவிடவில்லை. ஒரு மொழியைப் பிடிக்க இன்னொரு மொழியைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு அவரே சாட்சி.

நோயாளியும் நோயுற்ற சமூகமும்

1895இல் அவர் நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. 1897இல் நண்பரும் வழக்கறிஞருமான சோங் ஓங் சியாங்குடன் சேர்ந்து நீரிணைச் சீனர்களுக்கென ஓர் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். அது 1907 வரை வந்தது. நீண்ட சடை வளர்க்கும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லி இயக்கம் நடத்தினார். மூத்தோர் பலர் கோபப்பட்டார்கள்.

1899 ஜூலையில் அவரும் சோங் ஓங் சியாங்கும் வேறு சிலரும் சேர்ந்து சீனப் பெண்களுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். முதலில் வந்த மாணவிகள் ஏழே பேர். பெண்பிள்ளைகளை வீட்டுக்கு வெளியே அனுப்பவே தயங்கிய காலம் அது. சிங்கப்பூர்ச் சீனப் பெண்கள் பள்ளி என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று கவலைப்படும் தமிழாசிரியர்கள் அந்த "ஏழு" என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அபின். அன்றைய நீரிணைக் குடியேற்ற அரசின் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபினிலிருந்துதான் வந்தது. கூலித் தொழிலாளி உடல்வலி தீரப் புகைத்தான். பிறகு சம்பளமும் உடம்பும் சேர்ந்தே கரைந்தன. மருத்துவர் என்ற முறையில் பூன் கெங் இதைக் கண்ணெதிரே பார்த்தார். 1906இல் மருத்துவர் யின் சுவாட் சுவானுடன் சேர்ந்து, அபின் பழக்கத்திலிருந்து மீட்கும் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். சிகிச்சை தந்ததோடு, அரசின் அபின் வருமானத்தையும் எதிர்த்துப் பேசினார். 1907இல் அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1910இல் அபின் விற்பனையைக் குத்தகைக்காரர்களிடமிருந்து தானே எடுத்துக்கொண்டது. ஆனால் முழுத் தடை வர இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கஜானாவுக்குப் பணம் வரும் வழியை எந்த அரசும் சுலபத்தில் அடைக்காது. தேர்வில் "காரணங்களை ஆராய்க" என்று கேட்டால் இந்தப் பொருளாதாரக் காரணத்தை மறக்க வேண்டாம்.

1905இல் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி தொடங்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. டான் ஜியாக் கிம் தலைமையில் சமூகத் தலைவர்கள் விண்ணப்பித்து நிதியும் திரட்டிய பிறகே அரசு அந்தப் பள்ளியைத் திறந்தது. அங்கே பூன் கெங் பாடமும் நடத்தினார்.

ரப்பரும் வங்கியும்

1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைப் போட்டார். "இந்த மரத்தில் காசு வருமா?" என்று பலர் சிரித்த காலம். அவருக்கு ஊக்கம் கொடுத்தவர்களில் பூன் கெங்கும் ஒருவர். பிறகு சிங்கப்பூரிலும் ரப்பர்த் தொழிலில் ஈடுபட்டார்.

இந்த ரப்பர்தான் நம் கதையோடும் சேர்கிறது. அடுத்த சில பத்தாண்டுகளில் தோட்டங்கள் பெருகப் பெருக, பால்மரம் சீவத் தமிழகத்திலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் இந்த மண்ணில் கால் வைத்தது அந்த மரத்தினால்தான்.

1912இல் சீன வணிக வங்கி, 1917இல் ஹோ ஹோங் வங்கி என இரண்டு வங்கிகளின் தொடக்கத்திலும் அவர் இருந்தார். உலகப் பொருளாதார மந்தத்தின்போது 1932இல் இவ்விரண்டும் இன்னொரு வங்கியும் இணைந்தன. அப்படி உருவானதுதான் இன்று தெருவுக்குத் தெரு பார்க்கும் ஓசிபிசி.

சியாமென்: பதினாறு ஆண்டுகள்

1921இல் டான் கா கீ தாம் நிறுவிய அமோய் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராக வரும்படி பூன் கெங்கை அழைத்தார். இன்றைய சியாமென் பல்கலைக்கழகம் அது. சிங்கப்பூரில் மருத்துவம், வணிகம், பெயர், புகழ் எல்லாம் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு ஐம்பது வயதுக்கு மேல் கிளம்பிப் போனார். 1937 வரை அங்கே இருந்தார்.

அங்கே எல்லாம் இனிமையாக இல்லை. பழைய செவ்விலக்கியமும் கன்பூசியக் கொள்கையும் சீனரை உயர்த்தும் என்பது பூன் கெங்கின் நம்பிக்கை. 1926இல் அங்கு பேராசிரியராக வந்த எழுத்தாளர் லூ சுன் அதற்கு நேர்மாறானவர். பழமைதான் நாட்டைக் கட்டிப்போட்டிருக்கிறது, மக்கள் பேசும் நடையில் எழுத வேண்டும் என்றார். சில மாதங்களிலேயே, 1927 ஜனவரியில், அவர் வெளியேறிவிட்டார். இருவருமே மருத்துவம் படித்தவர்கள். சமூகத்தின் நோயைப் பற்றி இருவருக்கும் கவலை இருந்தது. மருந்துதான் வேறு. செந்தமிழா பேச்சுத் தமிழா என்று ஆசிரியர் அறையில் வாதாடும் நமக்கு இந்த மோதல் அந்நியமா என்ன?

1929இல் பூன் கெங் பழஞ்சீனக் கவிஞர் சூ யுவானின் 'லி சாவ்' என்ற நெடும்பாட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர்களில் இரவீந்திரநாத் தாகூரும் ஒருவர். சீன எழுத்துச் சுருளைப் படிக்கத் தெரியாமல் நின்ற அந்த எடின்பரோ மாணவர், சீனாவின் மிகக் கடினமான கவிதைகளில் ஒன்றை உலகுக்குக் கொண்டுபோனார். எனக்கு அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இருண்ட பக்கம்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. பல்லாயிரம் சீன ஆண்கள் "களையெடுப்பு" என்ற பெயரில் கொல்லப்பட்டார்கள். 72 வயதுப் பூன் கெங்கை வற்புறுத்திக் கடல்கடந்த சீனர் சங்கம் என்ற அமைப்புக்குத் தலைவராக்கினார்கள். மலாயா, சிங்கப்பூர்ச் சீனர்கள் 5 கோடி டாலர் "அன்பளிப்பு" தர வேண்டும் என்று கட்டளை வந்தது. சொத்தை விற்று, நகையை விற்றுச் சுமார் 2 கோடியே 80 லட்சம் சேர்த்தார்கள். மீதியை ஜப்பானிய வங்கியிலேயே கடன் வாங்கிக் கட்டினார்கள்.

போர் முடிந்ததும், "எதிரிக்குத் துணைபோனவர்" என்று சிலர் அவரைக் குறை கூறினார்கள். "அவர் முன்னால் நிற்காவிட்டால் இன்னும் எத்தனை உயிர் போயிருக்கும்?" என்று மற்றவர்கள் கேட்டார்கள். அவர் பொதுவாழ்விலிருந்து ஒதுங்கி வாழ்ந்து, 1957 ஜனவரி முதல் நாள் காலமானார்.

சில பாடக் குறிப்புகளில் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். நான் விடுவதில்லை. முதியவர் ஒருவர், பின்னால் துப்பாக்கி, முன்னால் தம் மக்கள். "நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஒரு பதினைந்து நிமிடம் யாரும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள். வரலாறு என்பது ஆண்டுகளை ஒப்பிப்பது அல்ல என்பது அப்போது அவர்களுக்கே புரியும்.

இரண்டு உறவுகள்

பூன் கெங்கின் முதல் மனைவி மார்கரெட்டின் தந்தை வோங் நாய் சியோங். சரவாக்கின் சிபுவில் பூச்சோ சீனர் குடியேற்றத்தை உருவாக்கியவர். மார்கரெட்டின் தங்கை ரூத்தை மணந்தவர் பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன் தே. 1910, 1911ஆம் ஆண்டுகளில் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயை அடக்கியவர். ஒரே குடும்பத்தில் இரு மருத்துவர்கள், இருவருமே அரசியார் உபகாரச் சம்பளம் பெற்றவர்கள். மலேசிய மாணவர்கள் இருவரையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதலாம்.

மாணவர்களே, கட்டுரை எழுதும்போது…

அவர் செய்ததையெல்லாம் பட்டியல் போடாதீர்கள். பட்டியலுக்கு மதிப்பெண் குறைவு. ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக:

1. பூன் கெங்கின் கல்விப் பணிகளுக்கும் எடின்பரோ அனுபவத்துக்கும் என்ன தொடர்பு?
2. அபின் எதிர்ப்பு உடனே வெற்றி பெறாததற்குக் காரணங்கள் யாவை?
3. ஜப்பானியர் காலத்தில் அவர் நடந்துகொண்ட விதத்தை எந்த அளவுகோலால் மதிப்பிடுவீர்கள்?

ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்டு, ஒரு நிகழ்வு, ஒரு காரணம், ஒரு விளைவு என்று எழுதிப் பழகுங்கள்.

தாத்தா கடிதத்தைக் கொண்டுவந்த அந்த மாணவன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். போன தீபாவளிக்கு எனக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தான். கையால் எழுதிய தமிழ். இரண்டு ஒற்றுப்பிழை இருந்தது. அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.