ஒரு புள்ளியில் ஒளிஞ்ச ஃபைல்கள்

இந்த எபிசோடை எங்க ஊர் கடமலைக்குண்டுல இருந்து ரெக்கார்ட் பண்றேன். போன வருஷம் இதே வீட்டுல உட்கார்ந்துதான் என் லேப்டாப்ல லினக்ஸைப் புதுசா போட்டேன். அதுக்கு முன்னாடி பொறுப்பா பேக்கப்பும் எடுத்தேன். ஹோம் டைரக்டரிக்குள்ள போய், ‘சிபி மைனஸ் ஆர் ஸ்டார்’னு அடிச்சு எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்ல ஏத்தினேன்.

போட்டோ வந்துச்சு, புராஜெக்ட் வந்துச்சு. எஸ்எஸ்ஹெச் சாவி வரல. நாலு வருஷமா பார்த்துப் பார்த்துச் செதுக்கின விம் செட்டிங்கும் வரல. எர்ரர்னு ஒரு வரிகூடக் காட்டல. டிஸ்க்கை அழிச்ச பிறகுதான் தெரிஞ்சது.

காரணம் தேடினா, கதை அமெரிக்காவின் பெல் லேப்ஸுக்குப் போகுது. யூனிக்ஸ் உருவான ஆரம்ப வருஷங்கள். டைரக்டரிக்குள்ள டைரக்டரி வந்தப்போ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பேர் சேர்ந்தது: ‘இந்த இடம்’னு சொல்ல ஒரு புள்ளி, ‘மேல் இடம்’னு சொல்ல ரெண்டு புள்ளி. எல்எஸ் அடிக்கும்போதெல்லாம் இது ரெண்டும் வந்து நின்னுச்சு. அதை மறைக்க, கென் தாம்ப்சனோ டென்னிஸ் ரிட்சியோ ஒரு சின்னச் சோதனை சேர்த்தாங்க: முதல் எழுத்து புள்ளின்னா காட்டாதே. முழுப் பேரையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கணும், அதைச் செய்யல.

விளைவு? புள்ளியில தொடங்குற எந்த ஃபைலும் கண்ணுக்குத் தெரியாமப் போச்சு. புரோகிராம் எழுதுறவங்களுக்கு இது வசதியாப் போய், கான்ஃபிக் ஃபைல்களையெல்லாம் அங்கே ஒளிச்சு வைக்க ஆரம்பிச்சாங்க. ஸ்டாரை ஃபைல் பேர்களா விரிக்கிற ஷெல்லும் அதே பழக்கம்தான். புள்ளி ஃபைல்கள் இருக்குன்னே என் சிபிக்கு யாரும் சொல்லல.

மருந்தும் அதே காலத்துல இருந்தே இருக்கு. 1974ல வந்த ஐந்தாம் யூனிக்ஸ் பதிப்புல ஃபைண்ட் இருந்துச்சு. எழுதினவர் டிக் ஹெயிட். அதுக்கு ஜோடியா சிபிஐஓன்னு இன்னொரு கமாண்டும் எழுதினார். ஒண்ணு தேடிப் பட்டியல் போடும். இன்னொண்ணு அந்தப் பட்டியலை வாங்கி நகல் எடுக்கும். ஃபைண்ட் புள்ளியைப் பார்த்து ஒதுங்காது. இருக்கிறதை எல்லாம் சொல்லும்.

இந்த முறை அப்படித்தான் செஞ்சேன். ஹோம் டைரக்டரியில நின்னு: ஃபைண்ட், புள்ளி, மைனஸ் பாத், ஒற்றை மேற்கோளுக்குள்ள ‘புள்ளி ஸ்லாஷ் புள்ளி ஸ்டார்’. மேற்கோள் கட்டாயம், இல்லைன்னா ஷெல் முந்திக்கிட்டு விரிச்சுடும். வர்ற பட்டியலை முதல்ல கண்ணால பாருங்க. அப்புறம் பைப் போட்டு, சிபிஐஓ மைனஸ் பிடிஎம், கடைசியா ஹார்ட் டிஸ்க் பாதை. பி நகல் எடுக்கும், டி டைரக்டரிகளை உருவாக்கும், எம் பழைய தேதியைக் காப்பாத்தும். உள்ள ரகசியச் சாவி இருக்கும், அதனால டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணுங்க. முடிச்சதும் வேற ஒரு இடத்துல திறந்து பாருங்க. திறந்து பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்ல.

கடைசியா ஒண்ணு. இந்தப் புள்ளிக் கதையை 2012ல எழுதினவர், பெல் லேப்ஸ்ல வேலை பார்த்த ராப் பைக். எழுதின இடம் கூகுள் பிளஸ். 2019ல அதை மூடிட்டாங்க. இன்னிக்கு நான் அந்தப் பதிவைப் படிக்க முடிஞ்சதுக்கு ஒரே காரணம், யாரோ அதைத் தேடி நகல் எடுத்து வச்சதுதான்.