சூலையும் ஊசியும்: மனக்கவலை சார்ந்த வயிற்றுவலியும் அக்குபங்சர் சிகிச்சையின் தமிழக வருகையும்

முன்னுரை

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த படவேடு, 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய படைவீடு ஆகும். குமார கம்பணனின் தென்திசைப் படையெடுப்புக்குப் பின் விசயநகரப் பேரரசின் ஆட்சிப்பிரிவு ஒன்றுக்கும் இப்பெயர் வழங்கியது. இன்று அவ்வூரை நாடிவரும் மக்களுள் பெரும்பாலோர் சம்புவராயர்களை நினைத்து வருவதில்லை. ரேணுகாம்பாளை நினைத்தே வருகின்றனர். அக்கோயிலில் வழங்கப்படும் திருநீறு, சமதக்கினி முனிவர் வேள்வி செய்த இடத்து மண்ணிலிருந்து எடுக்கப்படுவது என்பதும் நோய் தீர்க்கும் ஆற்றல் உடையது என்பதும் மக்கள் நம்பிக்கை. ஆடி வெள்ளிகளில் அதனை வாங்கி நெற்றியில் பூசுவோர் சிறிதளவு வாயிலும் இட்டுக்கொள்வதைக் காணலாம்.

வயிற்றுக்குத் திருநீறு என்னும் இவ்வழக்கம் தமிழ் மரபில் மிகப் பழையது. அதே மண்ணில், கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில், மனக்கவலையால் வரும் வயிற்றுவலிக்கு ஊசி குத்தும் சீன மருத்துவமும் வேரூன்றியுள்ளது. இச்சிகிச்சை சித்தர் போகர் வழியாகச் சீனம் சென்று மீண்ட தமிழ் மருத்துவமே என்னும் கூற்று மேடைகளிலும் வெகுசன நூல்களிலும் தொடர்ந்து இடம்பெறுகிறது. அக்கூற்றுக்குச் சான்று உண்டா, இல்லையெனில் அது இத்துணை எளிதாக நம்பப்படுவது ஏன் என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

சூலை, குன்மம், வயிறு

தமிழ் இலக்கியத்தில் மிகவும் அறியப்பட்ட வயிற்றுவலி திருநாவுக்கரசருடையது. பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனராக இருந்த காலத்தில் அவரைச் சூலை பற்றியதையும், சமண முனிவர்கள் மந்திரித்த குண்டிகை நீரைக் குடிப்பித்தும் மயிற்பீலியால் தடவியும் பயன் காணாமற்போனதையும், திருவதிகையில் தமக்கை திலகவதியார் அளித்த திருநீற்றைப் பூசிப் பதிகம் பாடியபின் நோய் நீங்கியதையும் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. சேக்கிழாரின் நோக்கம் மருத்துவம் அன்று. எனினும் உள்ளத்தின் திரிபும் வயிற்றின் வலியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அவர் எவ்வித விளக்கமும் இன்றிக் கூற முடிந்தது கருதத்தக்கது. கேட்போருக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்க முடியாது.

சித்த மருத்துவம் இந்நோயைக் குன்மம் என்னும் பெயரால் வழங்குகிறது. யூகி வைத்திய சிந்தாமணி வாதம், பித்தம், ஐயம், வாயு, எரி, சன்னி, சத்தி, வலி எனக் குன்மத்தை எட்டாகப் பகுக்கிறது. நோய் வரும் வழியைக் கூறுமிடத்துச் சித்த மருத்துவ நூல்கள் காலந்தவறிய உணவு, காரமிகுதி ஆகியவற்றோடு சினத்தையும் மனக்கவலையையும் சேர்த்தே எண்ணுகின்றன. நூல்களைவிடப் பேச்சுவழக்கு இதற்குச் சிறந்த சான்றாகும். பொறாமை வயிற்றெரிச்சல், அச்சம் வயிற்றில் புளியைக் கரைப்பது, நற்செய்தி வயிற்றில் பால் வார்ப்பது, மகவைப் பறிகொடுத்த தாய்க்குப் பெற்ற வயிறு பற்றி எரிகிறது. தமிழர் துயரத்தை நெஞ்சில் மட்டும் வைத்ததில்லை.

ஆற்றின் கீழ்த்திசையில் ஓர் ஆதுலர் சாலை

படவேட்டுப் பகுதியில் ஓடும் கமண்டல நாகநதி செய்யாற்றில் கலக்கிறது; செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. அத்திருமுக்கூடலின் வேங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டு, வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்தில் அங்கு இயங்கிய வீரசோழன் என்னும் ஆதுலர் சாலையைப் பற்றி வியக்கத்தக்க நுட்பத்துடன் பேசுகிறது. படுக்கைகள் 15, மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்வார் ஒருவர், மருந்து கொண்டுவருவார், பணிசெய் பெண்டிர், நாவிதர், நீர் கொணர்வார் என அனைவருக்கும் ஊதியம் வகுக்கப்பட்டுள்ளது. ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய ஏறத்தாழ 20 மருந்துகளும் பெயர் சுட்டப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றான கல்யாணக லவணம், குன்மத்துக்கும் செரியாமைக்கும் உரியதாகச் சுசுருத மரபு கூறும் உப்புமருந்து. வயிற்றுவலியோடு வந்தவருக்குச் சோழர் கால மருத்துவமனை எதைக் கொடுத்திருக்கும் என்பதை இதனால் ஓரளவு உய்த்துணரலாம்.

இப்பட்டியலில் ஊசி இல்லை. இன்மையைக் கொண்டு மட்டும் ஒன்றை மறுப்பது வலுவான முறையன்று என்பது உண்மையே. ஆயினும் சித்த மருத்துவம் கூறும் 32 புறமருத்துவ முறைகளிலும் சுட்டிகை, குருதி வாங்கல், அட்டைவிடல், தொக்கணம் முதலியன உள்ளனவே அன்றி, நுண்ணிய ஊசியைப் புள்ளிகளில் செருகி நிறுத்தும் முறை காணப்படவில்லை. தென் தமிழகத்து வர்மக்கலை 108 இடங்களைக் கூறுகிறது. அவற்றைக் கையாளும் கருவியோ விரல். வர்மப் புள்ளிகளையும் அக்குபங்சர் புள்ளிகளையும் ஒப்பிட்டு ஒன்றின் மூலம் மற்றது எனக் கூறுவோர், உடலெங்கும் இரு பெரும் பட்டியல்களைப் பரப்பினால் சில புள்ளிகள் பொருந்தியே தீரும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

சீனத்திலிருந்து வந்தவை

தமிழ்–சீன உறவு கற்பனையன்று. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவையை அடைந்தன. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கு ஒரு சிவன்கோயில் இருந்ததை உறுதிசெய்கிறது. மருந்துப் பொருள்களும் வந்தன. படிகாரத்துக்குச் சீனக்காரம் என்னும் பெயர் உண்டு. சீனத்து வேரான பறங்கிப்பட்டை, தன்னைக் கொண்டுவந்த பறங்கியரின் பெயரைத் தாங்கிச் சித்த மருந்துகளில் இடம்பெற்றது. வந்த பொருள் வந்த வழியைப் பெயரில் பதிவுசெய்வது தமிழின் இயல்பு. ஊசி சிகிச்சைக்கு அத்தகைய பழம்பெயர் எதுவும் தமிழில் இல்லை. போகர் பெயரால் வழங்கும் நூல்கள் சீனப் பயணத்தைப் பேசுகின்றன எனினும், அவற்றின் மொழிநடை மிகப் பிற்காலத்தது. அவற்றைக் கொண்டு சீன மருத்துவத்தின் தோற்றத்தை நிறுவ இயலாது.

சீனத்திலும் இக்கலையின் வரலாறு நேர்க்கோடன்று. மாவாங்துய் கல்லறையில் (கி.மு. 168) 1973இல் கண்டெடுக்கப்பட்ட பட்டுச்சுவடிகள் 11 உடல்தடங்களைக் கூறி அவற்றில் சூடிடுவதைப் பேசுகின்றன, ஊசியைப் பேசவில்லை. ஊசி முறை முழுமையாக விளங்குவது அதன்பின் தொகுக்கப்பட்ட ஹுவாங்டி நெய்ஜிங் நூலிலேயே. சினம் கல்லீரலையும் ஓயாத சிந்தனை மண்ணீரலையும் கெடுக்கும் என்னும் கருத்தும் அந்நூலினதே. இதன் வழிவந்த மரபு, மனஅழுத்தத்தால் வரும் வயிற்றுவலியைக் கல்லீரலின் தேங்கிய ஆற்றல் இரைப்பையைத் தாக்குவதாக விளக்குகிறது. பிற்காலத்தில் 1822இல் அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து ஊசி சிகிச்சை நீக்கப்பட்டது. 1929இல் சீன மருத்துவத்தையே ஒழிக்கும் தீர்மானம் முன்மொழியப்பட்டது. 1950களில் மக்கள் சீன அரசு அதனைத் தொகுத்துப் பாடத்திட்டமாக்கியது. உலகெங்கும் இன்று கற்பிக்கப்படும் வடிவம் பெரிதும் இதுவே. ஐயாயிரம் ஆண்டு மாறா மரபு என்னும் பெருமிதத்தைச் சீனச் சான்றுகளே தாங்குவதில்லை.

1938 முதல் 1959 வரை

இந்தியாவுக்கு அக்குபங்சர் வந்த வழி பெயரும் ஆண்டும் உடையது. சப்பானியப் படையெடுப்பால் அல்லலுற்ற சீனத்துக்கு உதவ, 1938இல் இந்திய தேசியக் காங்கிரசு ஐந்து மருத்துவர்களை அனுப்பியது: அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி. துவாரகநாத் கோட்னிஸ் 1942 டிசம்பரில் அங்கேயே இறந்தார். விஜய்குமார் பாசு நாடு திரும்பினார். 1950களின் இறுதியில் மீண்டும் சீனம் சென்று ஊசி சிகிச்சையைக் கற்று, 1959இல் கல்கத்தாவில் அதனைத் தொடங்கினார். 1962 எல்லைப் போரின் கசப்பிடையே ஒரு சீனக் கலையை இந்நாட்டில் வளர்த்தது எளிய செயலன்று. போகரின் பெயர் ஒலிக்கும் மேடைகளில் பாசுவின் பெயர் ஒலிப்பது அரிது என்பது வரலாற்று மாணவர்க்கு வருத்தம் தருவதே.

உலக அளவில் திருப்பம் 1971இல் நிகழ்ந்தது. அதுவும் வயிற்றால் நிகழ்ந்தது. நியூயார்க் டைம்ஸ் இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங்கில் குடல்வால் அறுவைக்கு உள்ளானார். அறுவை வழக்கமான மயக்கமருந்துடனேயே நடந்தது. பின்னர் வயிற்று உப்புசமும் அழுத்தமும் வருத்தவே, வலது முழங்கையிலும் முழங்கால்களின் கீழும் ஊசி குத்தி, மாசிபத்திரி இனத்து மூலிகையைக் கொளுத்தி வயிற்றருகே காட்டினர். ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தது என அவர் எழுதினார். இக்கட்டுரையே மேற்கின் ஆர்வத்தைத் தூண்டியது. அறுவையே ஊசியால் நடந்தது என்னும் தவறான செய்தியும் உடன் பரவியது.

தமிழகத்தில் இச்சிகிச்சை இரு கிளைகளாக வளர்ந்துள்ளது. ஒன்று சீனப் பாடமுறை: முழங்காலின் கீழுள்ள சூ சான் லி, மணிக்கட்டின் உட்புறத்து நெய் குவான், மேல்வயிற்றின் சூங் வான் ஆகிய புள்ளிகளை வயிற்றுநோய்க்குப் பயன்படுத்துவது. மற்றொன்று ஊசியையும் விடுத்து, ஒரு புள்ளியை விரலால் தொட்டு, மருந்துகளையும் தவிர்க்கச் சொல்வது. பின்னது மக்களிடையே பெற்ற செல்வாக்குக்குத் தொக்கணமும் வர்மமும் அறிந்த மண்ணில் விரல் அந்நியமன்று என்பது ஒரு காரணம் ஆகலாம். மனத்துயர் வயிற்றில் தங்கும் என்னும் சீன விளக்கத்தையும், வயிற்றெரிச்சல் என்னும் சொல்லை நாள்தோறும் ஆளும் ஒருவர் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. கருவி அயலது, கருத்தோ வீட்டினது. அதனாலேயே கருவியும் நம்முடையதாகத் தோன்றுகிறது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

சான்றும் மொழிபெயர்ப்பும்

வயிற்றுப்புண்ணுக்கு மனஅழுத்தமே முதற்காரணம் என்னும் பழைய கருத்தை, 1980களின் தொடக்கத்தில் மார்ஷலும் வாரனும் கண்டறிந்த ஹெலிகோபாக்டர் கிருமி மாற்றியது. புண் எதுவும் இன்றி நீடிக்கும் செயல்பாட்டுச் செரிமானக் கோளாற்றில்தான் மனநிலையின் பங்கு இன்று மிகுதியாகப் பேசப்படுகிறது. அவ்வகையில் உணவுக்குப்பின் வரும் வயிற்றுத் துன்பத்துக்காகச் சீனத்தில் 278 பேரிடம் நடத்தப்பெற்று 2020இல் வெளியான ஆய்வில், நான்கு வாரச் சிகிச்சைக்குப்பின் ஊசி பெற்றோருள் 83 விழுக்காட்டினரும், போலி ஊசி பெற்றோருள் ஏறத்தாழ 52 விழுக்காட்டினரும் முன்னேற்றம் கண்டனர். இவ்வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று. போலி ஊசியே பாதிப்பேருக்கு நலம் தந்தது என்பதும் புறக்கணிக்கத்தக்கதன்று. படவேட்டுத் திருநீற்றைப் பற்றிச் சிந்திப்போர்க்கு அவ்வெண் சுவையானது.

தமிழில் இக்கலை பெரிதும் ஆங்கிலத்தின் வழியாக வந்தமையால் ஒரு சொற்சிக்கலும் உடன் வந்தது. சீன மரபில் கல்லீரல், மண்ணீரல் என்பன உறுப்புகளைவிட இயக்கங்களையே குறிப்பன. தமிழ் நூல்கள் அவற்றை உடற்கூற்றுச் சொற்களாகவே பெயர்த்துள்ளன. வயிற்றுவலியோடு வருபவரிடம் உமது கல்லீரல் கெட்டுள்ளது என்று கூறும்போது அவர் கேட்பது வேறொன்று. இதன் மறுதலை இன்னும் கேடானது: குருதி வாந்தி, கருநிற மலம், காரணமற்ற எடைக்குறைவு ஆகியவற்றோடு வரும் வலியையும் தேங்கிய ஆற்றல் என்று விளக்கிவிட முடியும். மைய அரசு 2003இல் அக்குபங்சரைச் சிகிச்சை வழியாக அனுமதித்து, 2019இல் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றபின்னும், குன்மம் என்னும் சொல்லைக் கையில் வைத்திருக்கும் தமிழ், மண்ணீரல் என்னும் சொல்லையே நோயாளியிடம் நீட்டிக்கொண்டிருக்கிறது.