நீர்ப்பிரமிச் சாறும் நினைவாற்றலும்

நீர்ப்பிரமி (தாவரவியற் பெயர்: பக்கோபா மொன்னியேரி) வயல் வரப்பு, குளக்கரை, வாய்க்கால் ஓரம் போன்ற ஈரநிலங்களில் தரையோடு படர்ந்து, கணுதோறும் வேர்விட்டு வளரும் சிறு பூண்டாகும். கணுக்களில் எதிரெதிராக அமைந்த, சதைப்பற்றுள்ள சிறு இலைகளும் வெண்மையோ இளநீலமோ கொண்ட ஐந்திதழ்ப் பூக்களும் இதன் அடையாளங்கள். நீண்ட காம்பின் நுனியில் சிறுநீரக வடிவ இலையைத் தாங்கும் வல்லாரை இதனின்று முற்றிலும் வேறான செடி. எனினும், 'பிராமி' என்ற பெயரில் இரண்டுமே விற்கப்படுவதால் ஒன்று மற்றொன்றாக மாறிவிடுவதுண்டு.

இச்செடியின் நினைவாற்றல் பண்புக்குக் காரணமாகக் கருதப்படுபவை பாக்கோசைடுகள் ஆகும். இவை சப்போனின் வகையைச் சேர்ந்தவை, அதாவது நீரில் கலக்கினால் நுரைக்கும் சேர்மங்கள். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளில் நீர்ப்பிரமிச் சாறு எலிகளின் கற்றல் திறனை உயர்த்தியது. அல்சைமர் நோயில் மூளையில் திரளும் அமைலாய்டு என்னும் புரதப் படிவு, மரபணு மாற்றம் செய்யப்பட்ட சுண்டெலிகளில் இச்சாற்றினால் குறைந்ததாகவும் பதிவுகள் உள்ளன. நரம்புச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் சிதைவதை மட்டுப்படுத்துவதும், உயிரணுக்களின் ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுப்பதும் இதன் செயல்முறைகளாக முன்வைக்கப்படுகின்றன.

மனிதரிடம் நடந்த ஆய்வுகள் அடக்கமானவை. ஆஸ்திரேலியாவில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில் நலமான 46 பேர் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் சாறு உட்கொண்டவர்களிடம் 12 வாரங்களுக்குப் பின்னரே முன்னேற்றம் தெரிந்தது, ஐந்தாம் வாரத்தில் தெரியவில்லை. 40 முதல் 65 வயதுக்குட்பட்ட 76 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான மற்றோர் ஆய்வில், புதிதாகக் கற்றதை மறக்கும் வேகம் குறைந்ததே தவிர, கற்கும் வேகம் கூடவில்லை. ஆகவே தேர்வுக்கு முந்தைய வாரம் மாணவருக்கு இதைப் புகட்டுவதால் பயனில்லை.

நலமானவர் சிறிது குறைவாக மறப்பதும், நரம்பணுக்கள் மடிந்துகொண்டிருக்கும் நோயாளி காக்கப்படுவதும் ஒன்றல்ல. அல்சைமரை இச்சாறு தடுக்கும் என்பதற்குப் பெரிய அளவிலான சான்று இல்லை. இதற்கு ஒப்பான நம்பிக்கையைச் சுமந்திருந்த ஜின்கோ மரத்தின் இலைச்சாறு, அமெரிக்காவில் 3069 முதியோரிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில் மறதிநோயைத் தடுக்கத் தவறியது. பனித்துளிப் பூச்செடியிலிருந்து பிரிக்கப்பட்ட காலன்டமைன் மட்டும் 2001-இல் அமெரிக்காவில் அல்சைமர் மருந்தாக ஒப்புதல் பெற்றது. அதுவும் அளவு திட்டமாக அறியப்பட்ட ஒற்றைச் சேர்மமாகவே பெற்றது; அறிகுறிகளைத் தணிப்பதோடு அதன் பயன் நின்றுவிடுகிறது.

வயிற்றுக் குமட்டலும் அடிக்கடி மலம் கழிதலும் நீர்ப்பிரமிச் சாற்றின் வழக்கமான பக்கவிளைவுகள். அசிட்டைல்கோலினைக் கூட்டும் டோனெபெசில் போன்ற மருந்துகளை உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் இதைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. மேலும், ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை நீரிலிருந்து உறிஞ்சிச் சேமிக்கும் இயல்பு இச்செடிக்கு உண்டு. ஈயம் நரம்புகளுக்கு நஞ்சு. ஆகவே கழிவுநீர் கலக்கும் வாய்க்காலில் பறித்த நீர்ப்பிரமி உண்ணத் தக்கதன்று.