பல் எழுதும் வரலாறு

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையினரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உள்ளது. பழனி மலையின் கற்திட்டைகளைப் பற்றி ஆங்கிளேடு, நியூட்டன் ஆகியோர் எழுதிய ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. பண்டைய ஈமச் சின்னங்களைக் காணும்போது பானைகளே நம் கண்ணில் முதலில் படுகின்றன. ஆனால் எலும்பு மட்கிய மண்ணிலும் எஞ்சி நிற்பது பல். மனித உடலில் மிகக் கடினமான பொருள் பல்லின் எனாமலே ஆகும்.

அந்த எனாமல் மரத்தின் வளையங்களைப் போல் அடுக்கடுக்காகப் படிகிறது. குழந்தை தாய்ப்பால் அருந்தும் காலத்தில் பேரியம் என்னும் தனிமம் அதில் மிகுகிறது. பால் நின்றதும் குறைகிறது. பெல்ஜியத்தில் கிடைத்த நியாண்டர்தால் குழந்தையின் பல்லொன்றை ஆராய்ந்தவர்கள், அது ஏறத்தாழ ஏழு மாதங்கள் தாய்ப்பாலை மட்டும் அருந்தியது என்றும், மேலும் ஏழு மாதங்கள் பிற உணவோடு பாலும் பெற்றது என்றும் 2013இல் கணித்தனர். தாயின் பேணுதலைப் பல் இவ்வாறு பதிந்து வைக்கிறது.

பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்குத் திருக்குர்ஆன் (2:233) முழுமையான இரண்டு ஆண்டுகளைக் குறிக்கிறது. இருபது பாற்பற்களில் பெரும்பாலானவை முளைத்துவிடும் காலமும் ஏறத்தாழ அதுவே. இப்னு சீனா (கி.பி. 980–1037) தமது 'அல்-கானூன்' நூலில் பாலூட்டலின் இயல்பான காலம் ஈராண்டு என்றார், முன்பற்கள் தோன்றியதும் படிப்படியாகத் திடமான உணவுக்கு மாற்ற வேண்டும், கடினமானதை மெல்லக் கொடுக்கலாகாது என்றும் விளக்கினார். ஈறில் கோழிக் கொழுப்பைத் தடவும் அவரது முறையை இன்று நாம் பின்பற்ற வேண்டியதில்லை. பல்லின் வளர்ச்சியைக் கண்டு உணவை மாற்றும் அவரது நோக்கு இன்றும் பொருந்துகிறது.

மார்பில் பால் அருந்தும்போது தாடையும் நாவும் நன்கு உழைக்கின்றன. அவ்வாறு வளரும் குழந்தைகளிடம் பல்வரிசைக் கோளாறு குறைவு என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. அதேவேளை, ஓராண்டிற்குப் பின் இரவில் அடிக்கடி பாலூட்டிப் பல்லைத் துடைக்காமல் விட்டால் சொத்தை உண்டாகும் வாய்ப்பு மிகும். பாலை நிறுத்துவது இதற்குத் தீர்வன்று. முதற்பல் முளைத்த நாள் தொட்டுத் தூய்மை செய்வதும் இனிப்பை விலக்குவதுமே தீர்வு. மிஸ்வாக்கை வலியுறுத்திய மார்க்கத்தினருக்கு இது புதிதன்று.

தாய்ப்பாலின் இடத்தை வணிகம் பிடிக்க முயன்றதும் வரலாறே. சர்க்கரை கலந்த சுண்டிய பாலைக் குழந்தை உணவாக விற்றதை 1939இல் சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் கொலைக்கு ஒப்பிட்டுக் கண்டித்தார். இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தாய்ப்பால் மாற்றுணவுகளின் விளம்பரத்தைத் தடுத்தது.

எனினும் சட்டம் மட்டும் போதாது. பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் அதே இறைவசனம் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பால்மறக்கச் செய்வதையும் இருவரின் இசைவுக்கும் ஆலோசனைக்கும் விடுகிறது. ஈராண்டைத் தாய்க்கு மட்டும் நினைவூட்டி, அவளது உணவையும் ஓய்வையும் நாம் மறப்போமாயின், அவ்வசனத்தில் பாதியையே ஓதியவர்களாவோம்.