போல் சைமனும் றெகே இசையும்

வலை இழுக்கும் மீனவர் பாடும் அம்பாப் பாடலின் தாளம் தொண்டையில் மட்டும் பிறப்பதன்று. கயிற்றைப் பற்றிய கைகளும் மணலில் ஊன்றிய கால்களும் சேர்ந்தே அதனைப் படைக்கின்றன. ஒரு மக்கட்கூட்டத்தின் தாளத்தைப் பிறர் தமதாக்க முனையும்போது இவ்வுண்மையே இடர்ப்பாடாக எழுகின்றது. அமெரிக்கப் பாடகர் போல் சைமன் இதனைத் தோல்வியின் வழியாகவே அறிந்தார்.

1960களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் நாட்டார் பாடல் மன்றங்களில் கித்தாருடன் பாடித் திரிந்தவர் சைமன். பின்னர் ஆட் கார்பங்கலுடன் இணைந்து பெரும்புகழ் எய்தினார். 1970இல் வெளிவந்த அவ்விருவரின் இறுதித் தொகுப்பில் ஒரு பாடலை றெகே முறையில் அமைக்க முயன்றார். வாசித்த அமெரிக்கக் கலைஞர் தேர்ச்சி மிக்கவரே. எனினும் அது றெகேயாக அமையவில்லை.

றெகே 1960களின் பிற்பகுதியில் ஜமேக்காவில் ஸ்கா, றொக்ஸ்ரெடி ஆகிய வடிவங்களினின்று வளர்ந்தது. நான்கு அடிகளில் இரண்டாவதிலும் நான்காவதிலும் கித்தார் வெட்டி ஒலிக்கும். பல பாடல்களில் மூன்றாம் அடியிலேயே பெருமுரசு அழுந்தி விழும். முதலடியோ வெறுமையாக விடப்படும். சமத்தில் அடி விழக் கேட்டுப் பழகிய நம் செவிக்கு இவ்வெறுமை விந்தையே. இதனை ஏட்டில் குறித்துவிடலாம். கையில் வருவித்தல் வேறு.

ஆகவே, தனித்துப் பாடத் தொடங்கிய சைமன் கிங்ஸ்ரனுக்கே சென்றார். ஜிம்மி கிளிவ் என்னும் ஜமேக்கப் பாடகரின் வியற்நாம் பற்றிய பாடல் அவரை ஈர்த்திருந்தது. கிளிவுக்கு வாசித்த கலைஞரையே அவர் நாடினார். பேராதனையில் 1960களில் கூத்தை நவீன மேடைக்குக் கொணர்ந்த சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரை நாடியமை இங்கு நினைவுக்கு வருகின்றது. ஹக்ஸ் பிறவுணின் கித்தாரும் வின்ஸ்ரன் கிறெனனின் முரசும் கிங்ஸ்ரனில் முதலிற் பதிவாகின. சொற்கள் பின்னரே வந்தன; பாடற்குரல் நியூயோர்க்கில் சேர்க்கப்பட்டது. வளர்ப்பு நாயொன்றின் சாவு தந்த துயரே பாடலின் பொருள். 'தாயும் சேயும் மீளக் கூடல்' எனப் பொருள்படும் தலைப்போ, கோழியும் முட்டையும் சேர்ந்த சீன உணவொன்றின் பெயர்! 1972இல் வெளியான இப்பாடல் அமெரிக்க விற்பனை வரிசையில் நான்காம் இடத்தை எட்டியது. எரிக் கிளப்ரன் பொப் மார்லியின் பாடலைப் பாடி முதலிடம் பெற்றது 1974இல்தான்.

சைமனின் நேர்மையை இப்பயணம் காட்டுகிறது எனலாம். ஆயினும் உரிமை பற்றிய வினா எஞ்சுகின்றது. மார்ட்டின் கார்த்தி என்னும் ஆங்கில நாட்டார் பாடகரிடம் கற்ற பழம்பாடலொன்றை, 1966இல் அவர் பெயரைச் சுட்டாமலே சைமனும் கார்பங்கலும் வெளியிட்டனர். கார்த்தி நெடுங்காலம் மனத்தாங்கல் கொண்டிருந்தார். 2000ஆம் ஆண்டில் இருவரும் இலண்டன் மேடையொன்றில் அதே பாடலைச் சேர்ந்து பாடினர். கிங்ஸ்ரன் பாடலுக்கோ அத்தகைய மறுபக்கம் இல்லை. அதன் உயிரான தாளம் ஜமேக்கக் கலைஞருடையது; ஆக்கியோன் பெயரோ இன்றும் சைமன் ஒருவருடையதே.