முக்காலியின் மேல் நின்றவர்: விவியன் தாமஸ் நினைவாக



நினைவுச் சொற்பொழிவில் ஒருவருடைய சாதனைகளை வரிசையாகச் சொல்லி முடிப்பது வழக்கம். இன்று நான் பேசப்போகிறவரை அப்படிச் சொன்னால், அவருக்கு நடந்தது என்ன என்பதே மறைந்துபோகும். அதனால் அவருடைய சம்பளத்திலிருந்து தொடங்குகிறேன்.

1930இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் அறுவை ஆய்வுக்கூடத்தில் 19 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் உதவியாளராகச் சேர்ந்தார். வாரத்துக்கு 12 டாலர். செய்த வேலை ஆய்வு. பதிவேட்டில் அவர் துப்புரவுப் பணியாளர். அவர் பெயர் விவியன் தாமஸ்.

அவருடைய அப்பா தச்சர். மகனுக்கும் அந்தத் தொழில் கைவந்திருந்தது. மருத்துவம் படிக்க வேண்டும் என்று பள்ளிக்காலத்திலிருந்தே உழைத்துப் பணம் சேர்த்தார். 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. தச்சு வேலை போனது. அவர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த பிறகு சேமிப்பு இருந்த வங்கியும் மூழ்கியது. நிலைமை சரியாகும்வரை என்று நினைத்துத்தான் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார். அங்கே இருந்தவர் ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற வெள்ளை அறுவை மருத்துவர். 1964இல் பிளேலாக் இறக்கும்வரை அந்த உறவு நீடித்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்னப் பிழைக்காகப் பிளேலாக் கெட்ட வார்த்தைகளால் கத்தினார். தாமஸ் உடை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். இப்படிப் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான் இல்லை, இனியும் இப்படித்தான் என்றால் வேலை வேண்டாம் என்றார். பிளேலாக் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஒருபோதும் அப்படிக் கத்தவில்லை. இனப் பிரிவினை சட்டமாக இருந்த தென் மாநிலத்தில், பொருளாதாரம் தரைதட்டிய ஆண்டில், கையில் காசில்லாத இளைஞர் பேசிய பேச்சு இது. இவரை ‘அமைதியானவர்’ என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டவர்களின் உடல் அதிர்ச்சிக்குள்ளாகிச் சரிவது ஏன் என்பதுதான் அவர்களுடைய முதல் ஆய்வு. உடலில் சேரும் ஏதோ நஞ்சுதான் காரணம் என்ற கருத்து அப்போது பரவலாக இருந்தது. இரத்தமும் திரவமும் குறைவதே காரணம் என்று ஆய்வு காட்டியது. இழந்ததை ஈடுகட்டும் இந்தச் சிகிச்சை இரண்டாம் உலகப் போரில் எத்தனையோ உயிர்களைக் காத்தது.

1941இல் பிளேலாக் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனபோது, தாமஸும் உடன் வரவேண்டும் என்று கேட்டுத்தான் போனார். அங்கே கறுப்பின ஊழியர்கள் கடைநிலை வேலைகளில்தான் இருந்தார்கள். கழிப்பறைகூடத் தனி. வெள்ளை மேலங்கியோடு தாமஸ் தாழ்வாரத்தில் நடந்தால் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

1943இல் குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாசிக் ஒரு பிரச்சினையைக் கொண்டுவந்தார். பிறவி இதயக் குறையால் நுரையீரலுக்குப் போதிய இரத்தம் போகாமல், உதடும் விரல்களும் நீலம் பாரித்துச் சாகும் குழந்தைகள். அவர்களுக்கு வழி கண்டுபிடிக்கும் பொறுப்பு தாமஸின் கைக்கு வந்தது. முதலில் அந்தக் குறையை நாய்களின் உடலில் உண்டாக்க வேண்டும். பிறகு கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்துச் சரிசெய்ய வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள், ஏறக்குறைய 200 நாய்கள். குழந்தையின் மெல்லிய நாளத்துக்கு ஏற்ற ஊசியும் கவ்வியும் இல்லாததால், ஆய்வுக்கூடக் கருவிகளையே அவர் மாற்றியமைத்தார். தச்சர் வீட்டுப் பிள்ளையின் கை அது.

1944 நவம்பர் 29. ஐலீன் சாக்சன் என்ற ஒன்றரை வயதுகூட நிரம்பாத குழந்தை. எடை சுமார் நான்கு கிலோ. கத்தி பிளேலாக்கின் கையில். அவருக்குப் பின்னால், வலது தோளுக்கு மேலாகப் பார்க்கும்படி முக்காலி போட்டு நின்றவர் தாமஸ். பிளேலாக் இந்த அறுவையை நாயின் மீது ஒரே ஒரு முறை செய்திருந்தார், அதுவும் தாமஸ் உடன் நிற்க. தாமஸோ பல முறை செய்து பழகியவர். தையல் எந்தப் பக்கம், இடைவெளி போதுமா என்று பிளேலாக் கேட்கக் கேட்க, முக்காலியிலிருந்து பதில் வந்தது. அந்தக் குழந்தை சில மாதங்களே கூடுதலாக வாழ்ந்தது. ஆனால் வழி திறந்துவிட்டது. உலகெங்கிலுமிருந்து பெற்றோர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பால்டிமோருக்கு வந்தார்கள்.

1945இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் பிளேலாக், டாசிக். தாமஸின் பெயர் எங்கும் இல்லை. அந்த அறுவை முறைக்கும் அவர்கள் இருவரின் பெயரே நிலைத்தது. பின்னாளில் புகழ்பெற்ற இதய அறுவை மருத்துவர்கள் பலர் ஆய்வுக்கூடத்தில் தாமஸிடம்தான் கைப்பழக்கம் கற்றார்கள். அவர்கள் பட்டத்தோடு போனார்கள். கற்றுக்கொடுத்தவருக்குப் பட்டமும் இல்லை, மனித உடலில் கத்தி வைக்கும் உரிமையும் இல்லை.

அவர் வீட்டைப் பற்றியும் பேச வேண்டும். 1933இல் கிளாரா என்பவரை மணந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். சம்பளம் போதாமல், பிளேலாக் வீட்டு விருந்துகளில் மது பரிமாறும் வேலையும் செய்தார். பகலில் அவரிடம் கற்ற இளம் மருத்துவர்கள் மாலையில் அவர் கையால் கோப்பை வாங்கினார்கள். தச்சு வேலைக்கே திரும்பிவிடுவேன் என்று சொல்லித்தான் ஊதிய உயர்வு வாங்கினார். மருத்துவப் படிப்புக் கனவோடு ஒரு கல்லூரியை அணுகினார். அனுபவத்துக்கு மதிப்பெண் இல்லை, முதலாமாண்டிலிருந்து வாருங்கள் என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தார். மருத்துவராக வெளியே வரும்போது வயது 50 ஆகியிருக்கும். அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. விட்டுவிட்டார்.

நம் கூட்டங்களில் ஒரு பேச்சு உண்டு. “படிச்சு வேலைக்குப் போனவங்க, குடும்பம் குடும்பம்னு ஒதுங்கிட்டாங்க. இயக்கத்துக்கு வரலை.” நானும் மேடையேறி இப்படிப் பேசியிருக்கிறேன். தாமஸின் அண்ணன் நாஷ்வில்லில் ஆசிரியர். கறுப்பின ஆசிரியர்களுக்குக் குறைந்த சம்பளம் தருவதை எதிர்த்து வழக்குப் போட்டு வென்றார், வேலையை இழந்தார். போராட்டத்தின் விலை என்னவென்று தம்பி தன் வீட்டிலேயே பார்த்தவர். தாமஸ் குடும்பத்துக்காக விட்டுக்கொடுத்தார் என்பது உண்மை. ஆனால் விட்டுக்கொடுத்தால்தான் குடும்பம் பிழைக்கும் என்ற நிலையை உண்டாக்கியது யார் என்பதல்லவா சமூகவியல் கேட்க வேண்டிய கேள்வி? அவருடைய பொறுமையைப் பெரிய குணமாகக் கொண்டாடுவதும் இதே தவறுதான். யாரும் விரும்பி முக்காலியில் நிற்பதில்லை.

இது தூரத்துக் கதை இல்லை. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து ஒருவருக்குக் கீழ் ஒருவராக அடுக்குவது என்று பாபாசாகேப் அம்பேத்கர் 1936லேயே விளக்கினார். நம் ஊர்களில் கட்டியை அறுத்து மருந்து கட்டியவர் நாவிதர். பிரசவம் பார்த்தவர் அந்த வீட்டுப் பெண். ‘மருத்துவர்’, ‘மருத்துவச்சி’ என்ற சொற்கள் அவர்களுடையவை. மருத்துவம் கல்லூரிப் பட்டமானபோது சொல் மட்டும் இடம் மாறியது. இன்றும் பல அரசு மருத்துவமனைகளின் பிணவறையில் உடலை அறுத்துத் திறப்பது தூய்மைப் பணியாளரின் கை. அறிக்கையில் இருப்பது மருத்துவரின் கையெழுத்து.

1971இல் தாமஸின் மாணவர்களான அறுவை மருத்துவர்கள் அவர் உருவப்படத்தை மருத்துவமனைக்கு வழங்கினார்கள். அது பிளேலாக் படத்துக்குப் பக்கத்தில் இடம்பெற்றது. 1976இல் கௌரவ டாக்டர் பட்டம் கிடைத்தது. அதுகூட மருத்துவத்தில் அல்ல, சட்டத்தில். அறுவைத் துறையின் ஆசிரியராகவும் நியமித்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 1979இல் ஓய்வு பெற்றார். தன் கதையைத் தானே எழுதி முடித்து, புத்தகம் கைக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பு, 1985 நவம்பர் 26 அன்று இறந்தார். இன்று அந்த அறுவை முறையைப் பிளேலாக்–தாமஸ்–டாசிக் என்று பலர் சேர்த்தே சொல்கிறார்கள். அங்கே இளம் மருத்துவராகச் சேர்ந்த கறுப்பினத்தவர் லெவை வாட்கின்ஸ், தாமஸைத் தன் வழிகாட்டியாகக் கொண்டவர். 1980இல், இதயத் துடிப்பைத் தானே சீராக்கும் கருவியை முதன்முதலாக மனித உடலில் பொருத்தினார். கறுப்பின மாணவர்கள் அந்த மருத்துவக் கல்லூரிக்குள் வருவதற்காகவும் உழைத்தார். முக்காலிக்கும் அறுவை மேசைக்கும் நடுவே இருந்த அந்த இரண்டடியைக் கடக்க ஒரு தலைமுறை ஆகியிருக்கிறது.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் தெருவிலும் ஓய்வு பெற்றவர்கள் இருப்பார்கள். விருது பற்றிக் கேட்பது இருக்கட்டும். முதலில் சம்பளத்தைக் கேளுங்கள். பதிவேட்டில் என்ன வேலை, உண்மையில் செய்தது என்ன வேலை, யார் பெயரில் அது போனது என்று கேட்டு, அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள். வரலாறு அங்கிருந்தும் தொடங்கும்.

ஜெய் பீம்.